வார்த்தவர் பெயர்

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை வரிசையாகப் படித்துக்கொண்டு போனால் முதலில் வருவது பக்தி இல்லை. ஒரு நல்ல ஆடிட்டர் மேல் வருகிற மரியாதை. பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்று பெயர் வைத்த ஒரு கல். நகைகளை நிறுக்க தட்சிணமேருவிடங்கன் என்று இன்னொரு கல். ஆடல் பெண்டிர் 400 பேர். ஒவ்வொருவர் பெயரும் இருக்கிறது, எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும் இருக்கிறது, ஆண்டுக்கு 100 கலம் நெல் என்ற பங்கும் இருக்கிறது. இந்த நெல்தான் அந்தக் காலத்துச் சம்பளம். தச்சர், தட்டார், தையற்காரர், நாவிதர், விளக்குப் பிடிப்பவர் என்று யாரையும் விடவில்லை.

ராஜராஜனும் அவனைச் சுற்றி இருந்தவர்களும் கோயிலுக்குக் கொடுத்த உலோகப் படிமங்களும் இதே கறார்த்தனத்தோடு பதிவாகியிருக்கின்றன. அறுபதுக்கும் மேற்பட்ட படிமங்கள். ஒவ்வொன்றும் எத்தனை முழம், எத்தனை விரல் உயரம், எத்தனை கை, பீடம் எப்படி, கனமாகச் செய்ததா, பொள்ளலாகச் செய்ததா, கொடுத்தது அரசனா, அக்கன் குந்தவையா, தேவியரில் ஒருவரா, அதிகாரியா. எல்லாம் உண்டு. ஒன்றே ஒன்று இல்லை: செய்தவர் பெயர்.

கனமா பொள்ளலா என்று எழுதத் தெரிந்த ஒருவருக்கு அதை வார்த்தவர் யாரென்று தெரியாமல் இருந்திருக்காது. உலோகம் உள்ளே முழுக்க நிறைந்திருக்கிறதா, வெற்றிடமா என்பது வெளியே நின்று பார்க்கிறவன் சொல்லக்கூடிய விஷயமே இல்லை. பட்டறைக்குப் போய்க் கேட்டிருக்க வேண்டும். கேட்டு, எழுதி, கேட்டவரிடம் சொன்னவர் பெயரை விட்டுவிட்டார்கள்.

கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளாக இந்த வெற்றிடத்தைச் சுற்றி ஒரு வினோதமான ஆய்வுத்துறை வளர்ந்திருக்கிறது. பொறியியல் படித்தவர்கள், உலோகவியலாளர்கள், கலை வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். ஒருவர் துளையிட்டு மாதிரி எடுக்கிறார், ஒருவர் எக்ஸ்ரே எடுக்கிறார், ஒருவர் காதையும் விரலையும் உற்றுப் பார்க்கிறார். எல்லோருடைய கேள்வியும் கடைசியில் 'இது யாருடையது?' என்பதில்தான் போய் நிற்கிறது. அந்த 'யாருடையது' என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு அர்த்தம் இருப்பதுதான் சிக்கல்.

ஒரு விஷயத்தை முதலில் தெளிவாக்கிக்கொள்ளலாம். காவிரிப் படுகையில் செம்பு கிடையாது. தகரம் கிடையாது. ஈயமும் கிடையாது. நல்ல பாறைகூடக் கிடையாது. இருப்பது தண்ணீர், வண்டல், நெல். உலக உலோகக்கலையின் உச்சங்களில் ஒன்று உலோகமே இல்லாத ஊரில் நடந்திருக்கிறது. நெல் விளைந்து மிச்சமானதால் செம்பு வாங்க முடிந்தது என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த மண்ணும் நெல்லும் வேலைக்குள்ளேயே நுழைந்துவிட்டன.

சுவாமிமலையில் இன்றும் செய்கிற முறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தென்னை ஓலையை மடித்து மடித்து அளவு எடுப்பார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் சிலையை முழுசாகச் செய்துவிடுவார்கள். அதன் மேல் முதல் பூச்சு காவிரி வண்டல், கருக்கிய உமியை அரைத்துக் கலந்தது. மாவு மாதிரி நைசாக இருக்கும். மெழுகில் போட்ட நகக் கோட்டைக்கூட அது பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் மணல் கலந்த களிமண், பிறகு இரும்புக் கம்பிக் கட்டு. வறட்டி அடுக்கிச் சூடாக்கினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். உள்ளே சிலை வடிவத்தில் ஒரு காலியிடம். அந்தக் காலியிடத்துக்குள் உருகிய உலோகம் இறங்கும். ஆறியதும் மண்ணை உடைப்பார்கள். மெழுகுச் சிலையும் போயிற்று, மண் கூடும் போயிற்று. இரண்டாவது பிரதிக்கு வழியே இல்லை.

எவ்வளவு உலோகம் வேண்டும் என்று எப்படித் தெரியும்? மெழுகை நிறுத்து வைத்திருப்பார்கள். மெழுகின் அடர்த்தி ஏறத்தாழ தண்ணீர் அளவு. வெண்கலம் அதைப்போல் ஒன்பது மடங்கு. பெருக்கினால் கணக்கு முடிந்தது. பாடப்புத்தகத்தில் இதை அடர்த்தி என்ற தலைப்பில் படித்து மறந்தவர்கள் நாம். கொதிக்கிற மூசையின் முன்னால் உலோகம் பாதியில் தீர்ந்துபோனால் மூன்று மாத வேலை காலி. அந்த பயத்தோடு கற்றுக்கொண்டது மறக்காது.

வார்ப்பு என்பது இறுகும்போது சுருங்கும். கைவிரல் மெல்லிசு, இடுப்பு கனம். இரண்டும் ஒரே வேகத்தில் ஆறாது. காற்று உள்ளே மாட்டினால் ஓட்டை விழும். நடராஜரை யோசித்துப் பாருங்கள்: தூக்கிய கால், விரிந்த சடை, சுற்றி ஒரு திருவாசி. உலோகம் எந்த வழியாக இறங்கி எங்கே கடைசியாக இறுக வேண்டும் என்று முன்கூட்டியே தெரியாமல் அதைக் கனமாக வார்க்க முடியாது. 'கைவினை' என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருவது இதனால்தான். இது பொறியியல். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

இனி ஈயம். செம்பு 1085 டிகிரி செல்சியஸில் உருகும். தகரம் சேர்த்தால் அது குறையும், உறுதியும் கூடும். ஈயம் சேர்த்தால் கலவை நன்றாக ஓடும், ஆறிய பிறகு உளிக்கும் இணங்கும். ஆனால் ஈயம் செம்போடு கரைவதில்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் செம்புக்கு நடுவே சின்னச் சின்னத் துளிகளாகத் தனியாக உட்கார்ந்திருக்கும். சேர்ந்தும் சேராமலும் ஆயிரம் வருஷம்.

இந்த ஈயத்தைத்தான் சாரதா ஸ்ரீநிவாசன் பிடித்துக்கொண்டார். ஐஐடி மும்பையில் பொறியியல் இயற்பியல் படித்தவர், பரதநாட்டியக் கலைஞர், பிறகு லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் தொல்லியல் நிறுவனத்தில் தென்னிந்திய உலோகப் படிமங்களைப் பற்றி 1996-இல் முனைவர் பட்டம் பெற்றவர். பெங்களூர் தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தில் பணிபுரிந்தவர். பல அருங்காட்சியகங்களில் இருந்த 130 படிமங்களின் கலவையை ஆராய்ந்தார்; அவற்றில் அறுபதுக்கு ஈய ஐசோடோப்பு விகிதமும் பார்த்தார்.

ஐசோடோப்பு என்றதும் பயந்துவிட வேண்டாம். ஈயத்தில் நான்கு வகை அணுக்கள் உண்டு: 204, 206, 207, 208. முதலாவது பூமி பிறந்தபோதே இருந்தது, அதன் அளவு மாறுவதில்லை. மற்ற மூன்றும் யுரேனியமும் தோரியமும் சிதைந்து சிதைந்து கூடிக்கொண்டே வருபவை. எனவே எந்தச் சுரங்கத்தின் தாது எப்போது உருவானது என்பதைப் பொறுத்து அந்த நான்கின் விகிதம் மாறும். உருக்கினாலும் வார்த்தாலும் விகிதம் அப்படியே இருக்கும். ஒரே விகிதமுள்ள சிலைகள் ஒரே ஈய வரத்தில் பிறந்தவை என்று எடுத்துக்கொள்ளலாம். இப்படிக் கொத்துக் கொத்தாகப் பிரித்தபோது பல்லவர் காலக் கொத்து, சோழர் காலக் கொத்து, விஜயநகர, நாயக்கர் காலக் கொத்து என்று விழுந்தது. அதில் ஒரு அதிர்ச்சி. செம்பியன் மாதேவி காலத்தில், அதாவது 10-ஆம் நூற்றாண்டில் வந்ததாகப் பொதுவாக நம்பப்படும் நடராஜ உலோகப் படிமத்தில் இரண்டு பல்லவக் கொத்தில் போய் உட்கார்ந்தன. ஒன்று சென்னை அரசு அருங்காட்சியகத்தில் இருக்கும் குன்னியூர் நடராஜர். மற்றது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருப்பது. 9-ஆம் நூற்றாண்டு என்றார். 2004-இல் வந்த அந்தக் கட்டுரை இன்றுவரை சண்டையைக் கிளப்பக்கூடியது.

பஞ்சலோகம் என்று நாம் சொல்லிக்கொள்வதையும் அவர் ஆய்வு தொட்டது. தங்கமும் வெள்ளியும் பழைய படிமங்களில் துளியூண்டு, மாசு அளவுக்குத்தான். பெரும்பாலும் செம்பு, தகரம், ஈயம். 'அப்போ எல்லாம் பொய்யா?' என்று கேட்காதீர்கள். ஒரு மோதிரத்தைக் கழற்றி மூசைக்குள் போடுகிற குடும்பத்தின் கணக்கு வேறு, நிறமாலைமானியின் கணக்கு வேறு.

எனக்கு இந்த ஆய்வு மேல் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் அதன் ஒரு முடிச்சைக் கவனிக்க வேண்டும். கொத்துக்குப் 'பல்லவர்' என்று பெயர் வைக்க, அந்தக் கொத்தில் ஏற்கெனவே பல்லவர் காலம் என்று தெரிந்த சில படிமங்கள் வேண்டும். அவற்றுக்கு அந்தக் காலத்தைக் கொடுத்தது யார்? பெரும்பாலும் உடை மடிப்பையும் பூணூல் போகிற வழியையும் பார்த்துச் சொன்ன கலை வரலாற்றாசிரியர்கள். காலம் பொறித்த படிமங்கள் மிகக் குறைவு. ஆக, கண் சொன்னதை வைத்து ஈயத்துக்குப் பெயர். ஈயம் சொன்னதை வைத்துக் கண்ணுக்குத் திருத்தம். இது தப்பு என்று சொல்லவில்லை. எல்லா ஒப்பீட்டு அறிவும் இப்படித்தான் வளர்கிறது. ஆனால் 'அறிவியல் நிரூபித்துவிட்டது' என்று பகிர்கிறவர்கள் இந்த இடத்தில் ஒரு மூச்சு விடலாம். இன்னொன்று, பழைய குத்துவிளக்கையும் உடைந்த சிலையையும் உருக்கிப் போடுவது பட்டறையில் சகஜம். அப்போது இரண்டு சுரங்கங்களின் ஈயம் கலந்து மூன்றாவது ஒரு விகிதம் வரும். எந்தச் சுரங்கத்திலும் இல்லாத ஈயம்.

அதைவிட முக்கியம்: ஈயம் ஒருபோதும் ஆளைச் சொல்லாது. வரத்தைச் சொல்லும், காலத்தைச் சுட்டும். ஒரே ஈயக் கட்டியிலிருந்து மேதையும் வார்த்திருப்பான், பக்கத்துத் தெருச் சுமார் ஆளும் வார்த்திருப்பான்.

ஆளைப் பிடிக்கக் கலை வரலாறு வேறு ஒரு வழி வைத்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஜியோவானி மொரெல்லி என்ற இத்தாலியர் ஓவியங்களில் முகத்தை விட்டுவிட்டு காது மடலையும் விரல் நகத்தையும் பார்க்கச் சொன்னார். முகத்தில் ஓவியன் உஷாராக இருப்பான். காதில் அசந்துவிடுவான், அங்கே அவன் கை தெரியும். பிறகு பெயர் தெரியாத ஓவியர்களுக்கு அவர்கள் வேலையிலிருந்தே ஒரு பெயர் வைக்கிற வழக்கமும் ஐரோப்பாவில் உண்டு: இன்ன பலிபீடத்தின் ஆசான், இன்ன ஊரின் ஆசான் என்று.

தமிழ் வாசகருக்கு இது புதிதே இல்லை. குறுந்தொகை 40-ஆம் பாட்டை எழுதியவர் பெயர் யாருக்கும் தெரியாது. தொகுத்தவர்கள் பாட்டுக்குள் இருந்த ஒரு தொடரையே எடுத்து, செம்புலப்பெயல்நீரார் என்று வைத்துவிட்டார்கள். அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார், தேய்புரிப் பழங்கயிற்றினார் எல்லோரும் அப்படி வந்தவர்கள்தான். பெயர் தொலைந்துபோன ஒருவரைப் பெயரில்லாமல் விடுவது மரியாதை இல்லை என்று எவரோ ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. 'ஆசிரியர் பெயர் தெரியவில்லை' என்று மூன்று சொல்லில் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை.

இப்போது தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போய்ப் பாருங்கள். 1951-இல் தொடங்கியது. அங்கே திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் நிற்கிறார். காளை இல்லை, காளைமேல் சாய்ந்த கை மட்டும் காற்றில் இருக்கிறது, அந்தக் கைக்குக் கீழே நாமே ஒரு காளையை வைத்துக்கொள்கிறோம். தலையில் பாம்புகளைச் சுற்றி முடிந்த சடை. கல்வெட்டின்படி அவர் 1011, பக்கத்தில் உள்ள தேவி 1012. வருஷம் இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த சோழப் படிமங்கள் அபூர்வம். ஒரு வருஷ இடைவெளியில் இரண்டு. ஒரே கையா, ஆசானும் சீடனுமா, ஒரே பட்டறையா? பெயர்ப்பலகையில் சோழர் காலம், வெண்கலம், ஊர், ஆண்டு. அதோடு சரி. பாட்டு எழுதியவருக்கு நாம் கொடுத்த சலுகையைச் சிலை வார்த்தவருக்குக் கொடுக்க நமக்கு ஏன் தோன்றவில்லை? ரிஷபவாகனர் ஆசான் என்றோ வெற்றுத்தோளூன்றினார் என்றோ யாராவது வைத்திருக்கலாமே.

வித்யா தெஹேஜியா 2021-இல் வெளியிட்ட 'தி தீஃப் ஹூ ஸ்டோல் மை ஹார்ட்' இந்தத் திசையில் பெரிய முயற்சி. 855 முதல் 1280 வரையிலான சோழப் படிமங்களின் 'பொருள் வாழ்க்கை' என்று துணைத்தலைப்பு. கேட்க வேண்டிய கேள்வியை அவர் கேட்கிறார்: இவ்வளவு செம்பு எங்கிருந்து வந்தது? இலங்கையிலிருந்து வந்திருக்கலாம் என்பது அவர் வாதம். அப்படியானால் ராஜராஜனின் ஈழப் படையெடுப்பையும் நாம் வேறு மாதிரி வாசிக்க வேண்டியிருக்கும். யாழ்ப்பாணத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவருக்கும் கும்பகோணத்தில் படிக்கிறவருக்கும் அந்த அத்தியாயம் ஒரே மாதிரி இருக்காது. நூல் வளமானது. ஆனால் செம்பு வந்த வழியைத் தேடுகிற அதே வேகம் செம்பைத் தொட்டவர்களிடம் வரும்போது தணிந்துவிடுகிறது என்பது என் வாசிப்பு.

வார்ப்பவர் பெயர் ஆவணத்தில் தவறாமல் ஏறுகிற ஒரு இடமும் உண்டு. போலீஸ் ஃபைல்.

கும்பகோணம் பக்கத்துச் சிவபுரத்தில் 1951-இல் மண்ணுக்குள்ளிருந்து ஒரு நடராஜர் கிடைத்தார். பழுது பார்க்க ஒரு ஸ்தபதியிடம் அனுப்பினார்கள். திரும்பி வந்தது பழுது பார்த்த சிலை இல்லை, புதிதாக வார்த்த நகல். கோயிலில் அதற்குப் பூசை நடந்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் டக்ளஸ் பாரெட் 1965-இல் தன் புத்தகத்தில், கோயிலில் இருப்பது நகல் என்று எழுதிய பிறகுதான் விஷயம் வெடித்தது. அசல் கடைசியில் அமெரிக்காவில் நார்ட்டன் சைமனிடம் 9 லட்சம் டாலருக்குப் போயிருந்தது. 1986-இல் திரும்பி வந்தது. திருட்டு திருட்டுதான், அதில் பேச ஒன்றும் இல்லை. ஆனால் 20-ஆம் நூற்றாண்டில் ஒருவர் 10-ஆம் நூற்றாண்டை இவ்வளவு கச்சிதமாக வார்க்க முடிந்திருக்கிறது என்பதை அந்தக் கதையைச் சொல்கிற யாரும் நின்று யோசிப்பதில்லை. அசலுக்குப் பெயர் இல்லை, நகலுக்குக் குற்றவாளி இருக்கிறார்.

கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் பொறியாளர்கள் சென்னை அருங்காட்சியகப் படிமங்களுக்குச் சேதமில்லாச் சோதனைகள் செய்து 'கைரேகை' பதிவு எடுத்ததற்குப் பின்னால் இந்தப் பயம்தான் இருந்தது: இனி மாற்றி வைத்தால் கண்டுபிடித்துவிட வேண்டும். நல்ல காரியம். ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்திலிருந்து 2014-இல் மீட்க உதவியது என்னவோ புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1994-இல் எடுத்த ஒரு பழைய புகைப்படம். கைரேகை என்ற சொல்லையும் கவனியுங்கள். அது சிலையின் ரேகை. கை யாருடையது என்ற கேள்வி அந்தத் திட்டத்தில் இல்லை.

சமூக வலைத்தளங்களில் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் பெயர் ஆண்டுதோறும் சுற்றுகிறது. பெரிய கோயிலைக் 'கட்டியவர்' இவர்தான் என்று. கல்வெட்டில் பெயர் இருக்கிறது, பங்கு பெற்றவர் பட்டியலில். அரசன் பெயரையே பட்டமாகச் சுமந்திருக்கிறார். ஒருவருக்குப் பதில் இன்னொருவர் என்று நாற்காலியை மாற்றிப் போடுவதில் எனக்கு ஆர்வம் குறைவு. ஆசிரியர் என்றால் ஒருவர்தான் இருக்க வேண்டும் என்ற பழக்கம் நாவலிலிருந்து நமக்கு வந்தது. அறிவியலில் அது எப்போதோ உடைந்துவிட்டது. ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி 2015-இல் வந்த கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள்; 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களுமே. இன்று பல ஆய்விதழ்கள் யார் என்ன செய்தார் என்று 14 வகைப் பங்குகளாகப் பிரித்துப் போடச் சொல்கின்றன: கருத்துருவாக்கம், முறையியல், கருவி, சரிபார்ப்பு, இப்படி. அதில் 'நிதி பெறுதல்' என்று ஒரு வகை இருக்கிறது. பெரிய கோயிலுக்கு அந்தப் படிவத்தை நிரப்பினால் ராஜராஜனுக்கு அந்தக் கட்டத்தில் ஒரு டிக். மற்ற பதிமூன்று கட்டங்களுக்கு ஆள் தேட வேண்டும்.

இந்த இடத்தில்தான் 2008-இல் ஜெர்மனியின் போகும் சுரங்க அருங்காட்சியகம் வெளியிட்ட 'மாஸ்டர்ஸ் ஆஃப் ஃபயர்' எனக்கு முக்கியமாகப் படுகிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தைச் சேர்ந்த தாமஸ் லெவி மேற்காசியத் தொல்லியலாளர். யூதேயப் பாலைவனத்தில் 1961-இல் ஒரு குகையில் கிடைத்த நானூற்றுக்கும் மேற்பட்ட செம்புப் பொருள்களை, ஆறாயிரம் வருஷத்துக்கு முன் மெழுகு வார்ப்பில் எப்படிச் செய்திருப்பார்கள் என்ற கேள்விக்குப் பதில் தேடுகிறவர். அந்த முறை இன்னும் உயிரோடு இருக்கிற ஊர் என்று சுவாமிமலைக்கு வந்தார். இதில் ஒரு சங்கடம் உண்டு. இன்று பட்டறையில் உட்கார்ந்திருக்கிற ஒருவரைப் பழங்காலத்துக்குள் எட்டிப்பார்க்கும் ஜன்னலாக மாற்றுகிற சங்கடம். சுவாமிமலை ஸ்தபதி ஏற்றுமதிக்கும் செய்கிறவர், இன்றைய ஆள், உலோக விலை ஏறினால் ராத்திரி தூக்கம் வராதவர்.

ஆனாலும் அந்தப் புத்தகத்தின் அட்டையில் ஐந்து பெயர்கள் இருக்கின்றன. தாமஸ் லெவி, அலீனா லெவி, பிறகு தே. ராதாகிருஷ்ண ஸ்தபதி, தே. ஸ்ரீகண்ட ஸ்தபதி, தே. சுவாமிநாத ஸ்தபதி. தகவல் தந்தவர்கள் என்று நன்றியுரையில் ஒரு வரி இல்லை, ஆசிரியர்கள். ஒரு தொல்லியல் நூலில் வார்ப்பவர்களே நூலாசிரியர்களாக வருவதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ராஜராஜனின் எழுத்தர்கள் செய்யாததை ஒரு ஜெர்மன் அருங்காட்சியகத்தின் அச்சகம் செய்திருக்கிறது.

இந்த நூலை மேற்கோள் காட்டுகிற உலோகவியல் கட்டுரைகளில் ஆசிரியர் பெயரும் ஆண்டும் மட்டும் போடுகிற முறைதான் வழக்கம். மூன்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் இருந்தால் முதல் பெயரை மட்டும் எழுதிவிட்டு மற்றவர்களை ஒரு சொல்லில் சுருக்க வேண்டும் என்பது விதி. எனவே அடைப்புக்குறிக்குள் அது இப்படி வரும்: லெவி மற்றும் பிறர், 2008.